பிள்ளைகளோடு பழைய உளவாளிப் படங்கள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு இப்போது 12 வயது, மகனுக்கு 10. மூன்று வருஷமாகச் சனிக்கிழமை இரவுகளில் பழைய உளவாளிப் படங்களைச் சேர்ந்து பார்க்கிறோம். சில படங்கள் கொண்டாட்டமாகப் போயின, சிலவற்றைப் பாதியில் நிறுத்தினோம். 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்த வயதில் ஜேம்ஸ் பாண்ட் படம் காட்டலாமா?

காட்டலாம். ஆனால் எல்லாப் படமும் எல்லாப் பிள்ளைக்கும் ஆகாது. 1962இல் வந்த முதல் படத்திலிருந்து இன்றுவரை ஒரே பெயரில் வந்தாலும், ஒவ்வொரு காலத்துப் படமும் ஒவ்வொரு மாதிரி. ரோஜர் மூர் நடித்த எழுபதுகளின் படங்களில் சர்க்கஸ் பார்ப்பது போன்ற குதூகலம் இருக்கும். 2006 முதல் டேனியல் கிரெய்க் நடித்தவற்றில் அடி உண்மையாகவே வலிக்கிற மாதிரி இருக்கும். பத்து வயதுக்கு முதல் வகை போதும்.

புதுப் படங்களே நிறைய இருக்கும்போது பழையது எதற்கு?

பழைய படம் நிதானமாகப் போகும். யார் எங்கே நிற்கிறார்கள், எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும், பக்கத்தில் இருக்கும் நம்மிடம் கேள்வி கேட்கவும் நேரம் கிடைக்கும். அப்புறம், கணினியில் வரைந்த காட்சிகள் இல்லாத காலம் அது. ஒருவர் மலையிலிருந்து குதிக்கிறார் என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவர் நிஜமாகவே குதித்திருக்கிறார். அதைச் சொன்னதும் பிள்ளைகள் படம் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது.

படத்துக்குப் பிஜி (PG) சான்றிதழ் போட்டிருக்கிறதே, அது போதாதா?

போதாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் இந்தச் சான்றிதழ் முறை 1968இல் வந்தது. பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பதற்குப் பிஜி, பெரியவர்களுக்கான கடுமையான படங்களுக்கு ஆர். 1984 வரை இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு படியே கிடையாது. அந்த ஆண்டு ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்’, ‘கிரெம்லின்ஸ்’ இரண்டும் பிஜி முத்திரையோடு வெளியாகி, பிள்ளைகளை அழைத்துப்போன பெற்றோர் கொதித்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் ஜூலை மாதம் பிஜி-13 வந்தது. ஆகவே 1984க்கு முந்திய பிஜி என்பது ரொம்ப அகலமான வலை. இன்று 13 வயதுக்கு மேல் என்று சொல்லக்கூடிய காட்சிகளும் அதில் இருக்கும்.

பிஜி-13 வந்த பிறகும் சில படங்கள் நழுவியிருக்கின்றன. 1985இல் வந்த ‘எ வியூ டு எ கில்’ பிஜிதான். ஆனால் அதில் வில்லன் சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட தன் சொந்தத் தொழிலாளிகளை இயந்திரத் துப்பாக்கியால் சிரித்துக்கொண்டே சுட்டுத் தள்ளுகிறான். 1989இல் வந்த ‘லைசென்ஸ் டு கில்’தான் பாண்ட் வரிசையில் முதன்முதலாகப் பிஜி-13 வாங்கியது. பிரிட்டனில் அதற்கு 15 வயது வரம்பு வைத்தார்கள். அதைத் தள்ளிப்போடுங்கள்.

முத்திரையைவிட உதவியானது, காட்சி காட்சியாக என்ன இருக்கிறது என்று எழுதிவைத்திருக்கும் தளங்கள். ஐஎம்டிபியில் பெற்றோருக்கான பகுதி ஒன்று இருக்கிறது, காமன் சென்ஸ் மீடியா தளமும் இருக்கிறது. அவற்றைப் படித்துவிட்டு, முடிந்தால் ஒருமுறை தனியாகப் படத்தையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளை உண்மையில் பயமுறுத்துவது எது?

நாம் நினைப்பது ஒன்று, நடப்பது வேறு. எரிமலைக்குள் இருக்கும் கோட்டை வெடித்து நூறு பேர் பறந்தாலும் பிள்ளைகள் அசைய மாட்டார்கள். அந்த நூறு பேருக்கும் முகம் கிடையாது, பெயர் கிடையாது. ஆனால் ஐந்து நிமிஷம் சிரித்துப் பேசிய ஒருவர் செத்துப்போனால் அது மனதில் தங்கிவிடும்.

‘கோல்ட்ஃபிங்கர்’ (1964) பார்த்தபோது என் மகளுக்கு ஒன்பது வயது. உடம்பு முழுக்கத் தங்க வர்ணம் பூசிய பெண் கட்டிலில் அசையாமல் கிடப்பாளே, அந்தக் காட்சி. ரத்தம் இல்லை, சண்டை இல்லை, ஒரு நிமிஷம்கூட நீளாது. நான் அதைக் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. மகள் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, “அந்த அக்கா ஏன் எழுந்திரிக்கல?” என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு கார் வந்தது, கார் இருக்கை மேலே பறந்தது, எதுவும் அவளுக்கு ஏறவில்லை. மூன்று நாள் குளிக்கும்போதெல்லாம் சோப்பு நுரை உடம்பை மூடினால் மூச்சு நின்றுவிடுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தோல் வழியாக நாம் மூச்சு விடுவதில்லை, மூக்கும் நுரையீரலும்தான் அந்த வேலையைச் செய்கின்றன, படத்தில் சொன்ன காரணம் தப்பு என்று உட்காரவைத்து விளக்கினேன். அந்த நடிகை ஷெர்லி ஈட்டன் படம் முடிந்து பல வருஷங்கள் நன்றாக இருந்தார் என்றும் சொன்னேன். அந்தக் கடைசித் தகவல்தான் அவளைத் தேற்றியது.

‘மூன்ரேக்கர்’ (1979) படத்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு. விண்வெளி, லேசர் துப்பாக்கி என்று சின்னப் பிள்ளைகளுக்கே எடுத்தது போல இருக்கும். நடுவில் பாண்டுக்கு உதவிய பெண் ஒருத்தியைக் காட்டுக்குள் நாய்கள் துரத்தும். ரத்தத்தைக் காட்டவே மாட்டார்கள், ஆனால் அவள் தப்பிக்கப் போவதில்லை என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும். நாயைக் கண்டு பயப்படும் பிள்ளை என்றால் அந்தக் காட்சியைத் தாண்டிவிடுங்கள். கதை ஒன்றும் குறையாது.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணாமல், தப்பிக்க வழியே இல்லாமல் யாராவது மாட்டிக்கொள்கிறார்களா, அவர் முகம் நமக்குத் தெரியுமா என்று பார்க்கிறேன்.

முதல் படமாக எதை வைக்கலாம்?

என் தேர்வு ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ (1977). ஆரம்பக் காட்சியே போதும். பனிச்சறுக்கில் துரத்தல், கடைசியில் பாறை விளிம்பிலிருந்து பாண்ட் அப்படியே அந்தரத்தில் பாய்கிறார். இசை நின்றுவிடும். ஒரு மனிதன் சின்னப் புள்ளியாக விழுந்துகொண்டே இருப்பான். சறுக்குக் கட்டைகள் கழன்று போகும். ரொம்ப நேரம் கழித்துத்தான் பாராசூட் விரியும். என் மகன் சோபாவில் எழுந்து நின்றுவிட்டான். அதைக் குதித்தவர் ரிக் சில்வெஸ்டர் என்ற பனிச்சறுக்கு வீரர், இடம் கனடாவின் பாஃபின் தீவில் உள்ள ஆஸ்கார்ட் மலை என்று சொன்னதும், “நிஜமாவாப்பா? நிஜமாவா?” என்று கேட்டு மூன்று முறை திருப்பிப் போடவைத்தான்.

கடலுக்குள் பாய்ந்து நீர்மூழ்கியாக மாறும் கார், இரும்புப் பல் வைத்த ராட்சசன் ‘ஜாஸ்’, இரண்டும் இந்த வயதுக்கு அளவெடுத்துத் தைத்தவை. பாண்டுக்குச் சமமாக ஒரு சோவியத் பெண் உளவாளியும் இருக்கிறாள். சில இடங்களில் அவளே முந்திக்கொள்கிறாள், அது என் மகளுக்கு ரொம்பப் பிடித்தது. கவனிக்க வேண்டியவை: தொடக்கத்தில் வில்லன் ஒரு பெண்ணைச் சுறாவுக்கு இரையாக்குவது, இருட்டில் ஜாஸ் கழுத்தருகே குனியும் காட்சிகள், கடைசியில் பாண்டும் அந்த உளவாளிப் பெண்ணும் போர்வைக்குள் இருப்பது.

பாண்ட் வரிசையில் மற்றவை?

‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ (1967) எரிமலைக் கோட்டைக்காகவே பார்க்கலாம். பிள்ளைகளுக்காகக் கதைகள் எழுதிய ரோல்ட் டால்தான் அதற்குத் திரைக்கதை என்று சொன்னால், அவர் புத்தகம் படித்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ (1981) படத்தில் மலையேறும் காட்சி மூச்சைப் பிடிக்கவைக்கும். ஆனால் கதை, பெற்றோரைக் கண்முன்னே பறிகொடுத்த ஒரு பெண் பழிவாங்கக் கிளம்புவது. 11 வயதுக்கு மேல் வையுங்கள். ‘தி லிவிங் டேலைட்ஸ்’ (1987) 12 வயதுக்கு நல்ல படம். செல்லோ பெட்டியில் உட்கார்ந்து பனிச்சரிவில் சறுக்கிப் போவார்கள், பறக்கும் விமானத்துக்கு வெளியே சரக்கு வலையில் தொங்கிக்கொண்டு சண்டை போடுவார்கள். கதாநாயகன் ஒரே பெண்ணிடம் அன்பாக இருப்பது இந்த வரிசையில் அபூர்வம்.

‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ (1969) எனக்கு மிகவும் பிடித்த பாண்ட் படம். அதனாலேயே அவசரப்பட வேண்டாம் என்கிறேன். படம் 2 மணி 20 நிமிஷத்துக்கு மேல் ஓடும், முடிவு நெஞ்சை அறுக்கும். கல்யாண நாளன்றே நடக்கும் ஒரு மரணத்தோடு படம் முடிந்து, பிள்ளையைத் தூங்க அனுப்புவது நியாயமில்லை.

பெண்களை அந்தப் படங்கள் நடத்தும் விதம் உறுத்துகிறதே?

எனக்கும் உறுத்துகிறது. துப்பாக்கியைவிட இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். துப்பாக்கி படத்தோடு முடிந்துவிடும். நாயகன் ஒருத்தியிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைப் பிள்ளைகள் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள்.

‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் வைக்கோல் கொட்டகையில் ஒரு காட்சி. அவள் வேண்டாம் என்று தள்ளுகிறாள், அவன் விடாமல் முத்தமிடுகிறான், கொஞ்ச நேரத்தில் அவள் மனம் மாறிவிடுகிறாள். ‘தண்டர்பால்’ (1965) படத்தில் சிகிச்சை விடுதியில் வேலை செய்யும் பெண்ணிடம், மேலிடத்தில் சொல்லாமல் இருக்க வேண்டுமானால் தன் ஆசைக்கு இணங்க வேண்டும் என்ற தொனியில் பாண்ட் பேசுகிறார். இரண்டையும் படம் விளையாட்டு மாதிரிக் காட்டுகிறது. அதுதான் பிரச்சினை.

பத்து வயதுக்குக் கீழே என்றால் அந்த இடங்களைத் தாண்டிவிடலாம். பதினொன்று, பன்னிரண்டு என்றால் நிறுத்திப் பேசுவதே மேல் என்பது என் கருத்து. போன வருஷம் ‘கோல்ட்ஃபிங்க’ரை மறுபடி போட்டோம். கொட்டகைக் காட்சியில் மகளே கேட்டாள்: “அவங்க தள்ளி விடறாங்க. அப்புறமும் ஏன் விடமாட்டேங்கறான்?” நான் படத்தை நிறுத்தினேன். “அவன் செஞ்சது தப்பு. வேண்டாம்னா வேண்டாம்தான். அவங்க அப்புறம் சரின்னு சொல்ற மாதிரி எழுதினது, எழுதினவங்க செஞ்ச தப்பு” என்றேன். மகன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு நிமிஷம்தான், படம் தொடர்ந்தது. அதை அவனும் கேட்டதுதான் எனக்கு முக்கியம்.

வேறு நாட்டு மக்களைக் கேவலமாகக் காட்டும் இடங்கள்?

நிறைய உண்டு. ‘ஆக்டோபஸ்ஸி’ (1983) படத்தின் இந்தியக் காட்சிகள் உதய்ப்பூரில் எடுத்தவை. ஒரே துரத்தல் காட்சிக்குள் ஆணிப் படுக்கை, நெருப்பு, வாள் விழுங்குபவர் எல்லாம் வந்துவிடும். பாண்ட் இந்தியர் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, ‘கர்ரி’ (குழம்பு) வாங்கிச் சாப்பிட ஆகும் என்ற பொருளில் ஒரு வசனம் பேசுவார். டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பாண்டின் கூட்டாளியாக வந்து, டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசுவதைப் பிள்ளைகள் ரசிப்பார்கள், பிறகு அவர் கொல்லப்படும்போது துவண்டு போவார்கள். முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

‘லிவ் அண்ட் லெட் டை’ (1973) படத்தில் கறுப்பின மக்கள் பெரும்பாலோர் வில்லனின் ஆட்களாகவே வருகிறார்கள். ‘யூ ஒன்லி லிவ் ட்வை’ஸில் பாண்டுக்கு ஜப்பானியர் வேஷம் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது: “இந்த ஊர்க்காரங்க இதைப் பார்த்தா என்ன சொல்வாங்க?” என்று யார் வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம்.

பனிப்போரை எப்படி விளக்குவது?

சுருக்கமாக. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இரண்டு அணிகளாக நின்றன. இரு பக்கமும் அணுகுண்டு வைத்திருந்ததால் நேருக்கு நேர் மோதப் பயந்து, ஒருவர் ரகசியத்தை ஒருவர் திருடிக்கொண்டிருந்தார்கள். 1961இல் சோவியத் அணியில் இருந்த கிழக்கு ஜெர்மனி, பெர்லின் நகரத்துக்குக் குறுக்கே சுவர் எழுப்பியது, 1989இல் அது விழுந்தது, 1991இல் சோவியத் ஒன்றியமே கலைந்தது. உலகப்படத்தில் இடத்தைக் காட்டிவிட்டால் போதும், மீதிக் கேள்விகள் தானாக வரும். “ஏன் செல்போன்ல கூப்பிடல?” என்ற கேள்வியும் வரும். மைக்ரோஃபிலிம் என்றால் என்ன, கூண்டுக்குள் போய் ஏன் ஃபோன் பேசினார்கள் என்று சொல்ல அதுதான் சமயம்.

பாண்ட் வேண்டாம் என்றால் வேறு என்ன இருக்கிறது?

இங்கேதான் பொக்கிஷமே இருக்கிறது. ஹிட்ச்காக் எடுத்த ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) ஓர் அப்பாவி மனிதரை உளவாளி என்று தப்பாக நினைத்துத் துரத்தும் கதை. மருந்து தெளிக்கும் விமானம் வெட்டவெளியில் அவரைத் துரத்தும் காட்சிக்கு முன்னால் நீண்ட நேரம் ஒன்றுமே நடக்காது, இசையும் இருக்காது. “ஏதோ வரப்போகுது” என்று என் மகன் கிசுகிசுத்தான். ரயிலில் இருவர் பேசும் இரட்டை அர்த்த வசனங்கள் பிள்ளைகள் தலைக்கு மேலே போய்விடும். ரஷ்மோர் மலைக்குப் பக்கத்தில் உள்ள சிற்றுண்டிச்சாலைக் காட்சியில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பையனைக் கவனிக்கச் சொல்லுங்கள். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னாலேயே அவன் காதைப் பொத்திக்கொள்வான்! ஒத்திகையில் சத்தத்தைக் கேட்டுப் பழகியவன் போலிருக்கிறது. என் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்த பெருமையை இன்னும் சொல்லித் திரிகிறார்கள்.

‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ (1956) படத்தில் இசை அரங்கில் ஏறக்குறைய 12 நிமிஷம் வசனமே இல்லாமல் ஒரு கொலைத் திட்டம் நெருங்கும். தாளத் தட்டு மோதும் நொடியில் சுட வேண்டும் என்பது திட்டம். அற்புதமான காட்சி. ஆனால் கதையில் சிறுவன் கடத்தப்படுகிறான். தனியாகத் தூங்கப் பயப்படும் பிள்ளைக்கு இப்போது வேண்டாம்.

‘ஸ்னீக்கர்ஸ்’ (1992) 12 வயதுக்கு. கார் டிக்கியில் அடைத்துக் கொண்டுபோகப்பட்ட ஒருவர், வழியில் கேட்ட சத்தங்களை மட்டும் சொல்ல, பார்வையற்ற நண்பர் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார். ‘வார்கேம்ஸ்’ (1983) உளவுப் படமென்று சொல்ல முடியாது, ஆனாலும் கணினிப் பித்துள்ள பிள்ளைக்குப் பொருத்தம். முதல் ‘மிஷன் இம்பாசிபிள்’ (1996) படத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு சத்தமே இல்லாமல் திருடும் காட்சியை எல்லோரும் பார்க்க வேண்டும். ஆனால் ஆரம்பத்திலேயே குழுவில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், 12க்குக் குறையாமல் வையுங்கள்.

கறுப்பு வெள்ளை என்றாலே எழுந்து போய்விடுகிறார்களே?

‘தி லேடி வானிஷஸ்’ (1938) போட்டுப் பாருங்கள். ரயிலில் ஒரு பாட்டி காணாமல் போகிறார். கூட வந்தவர்கள் எல்லோரும் அப்படி யாருமே வரவில்லை என்று சாதிக்கிறார்கள். ஒரே ஓர் இளம்பெண் மட்டும் “இருந்தார்” என்கிறாள். பாட்டி ஜன்னல் கண்ணாடியில் விரலால் எழுதிய பெயர் ஒரு கணம் தெரிந்து அழியும். பெரியவர்கள் தன்னை நம்பாத கோபம் எந்தப் பிள்ளைக்கும் உடனே புரியும். முதல் இருபது நிமிஷம் விடுதியில் மெதுவாகப் போகும். “ரயில் ஏறும் வரை பொறு” என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

தமிழில் இருக்கிறதா?

இருக்கிறது. ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970), எம்.ஜி.ஆர். நடித்த ‘ரகசிய போலீஸ் 115’ (1968). தாத்தா பாட்டியோடு சேர்ந்து பார்த்தால் படத்தைவிட அவர்கள் சொல்லும் கதைகள் நன்றாக இருக்கும். கமல்ஹாசன் நடித்த ‘விக்ரம்’ (1986) பெரிய பிள்ளைகளுக்கு.

முத்தக் காட்சி வந்தால் ஓட்டிவிடலாமா?

பதறிப்போய் ரிமோட்டைத் தேடாதீர்கள். பதற்றம்தான் அவர்களுக்கு நினைவில் நிற்கும். பெரும்பாலும் அவர்களே “ஐய” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஆறு வயதுத் தம்பியும் கூட உட்காருகிறானே?

அன்றைக்கு வேறு படம். பெரிய பிள்ளைக்கென்று ஒரு ராத்திரி தனியாக ஒதுக்குங்கள்.

பாதியில் பயந்துவிட்டால்?

விளக்கைப் போடுங்கள், படத்தை நிறுத்துங்கள். “இதுக்கெல்லாமா பயம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அடுத்த முறை பயந்தபோது மகன் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வந்தான். முடிவு என்ன என்று சொல்லிவிடுவது நல்ல மருந்து. “கடைசியில இவங்க தப்பிச்சிடுவாங்க” என்று தெரிந்தபின் பல பிள்ளைகள் தாங்களே தொடரச் சொல்வார்கள்.

ஆங்கில வசனம் புரியாவிட்டால்?

எழுத்தில் ஓடும் வசனத்தை வேகமாகப் படிக்க ஒன்பது வயதில் சிரமம். முக்கியமான இடங்களில் நிறுத்தி நாமே இரண்டு வரியில் சொல்லிவிடலாம். நீளமான படங்களை இரண்டு ராத்திரியாகப் பிரித்துக்கொண்டால் நிறுத்திப் பேசுவதற்கு அவசரம் இருக்காது.

படம் முடிந்ததும் என்ன செய்வீர்கள்?

எப்படி எடுத்தார்கள் என்று தேடுவோம். ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’ (1974) படத்தில் உடைந்த பாலத்தின் மேலே ஒரு கார் அந்தரத்தில் முழுச் சுற்றுச் சுழன்று மறுகரையில் நான்கு சக்கரத்தில் இறங்கும். கணினியில் முன்கூட்டியே கணக்குப் போட்டு, ஒரே டேக்கில் எடுத்தது. முழுப் படத்தையும் நான் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன், அந்தக் காட்சியை மட்டும் காட்டினேன். மறுநாள் காலையில் மகன் அட்டையை முறுக்கி, புத்தகங்களை அடுக்கி, பொம்மைக் காரை ஓட விட்டான். முப்பது தடவைக்கு மேல் இருக்கும், ஒவ்வொரு முறையும் தலைகீழாகத்தான் விழுந்தது. “முறுக்கு பத்தல” என்று அட்டையை இன்னொரு பக்கமாகத் திருப்பி ஒட்டிக்கொண்டிருந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.